வெள்ளை மூடி

"வலது 22, இடது 21."

கண் டாக்டர் நீல விளக்கை அணைத்துவிட்டு உதவியாளரிடம் இப்படிச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் அம்மாவின் கண் அழுத்தம் 15, 14. தாடையைக் கட்டையிலிருந்து எடுத்ததும் எடுக்காததுமாக அம்மா என் பக்கம் திரும்பினாள். கண்ணோரத்தில் மஞ்சள் சாயம் வழிந்துகொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, அந்த மருந்து சரியில்லன்னு."

மருந்தை மாற்றியது நான்தான். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு 69 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு வருடத்துக்கு முன்னால் கண்புரை அறுவைக்காகப் பரிசோதித்தபோதுதான் கிளாகோமா இருப்பதும் தெரிந்தது. எங்கள் பக்கம் இதைக் 'கண் பிரஷர்' என்பார்கள். பெயர்தான் பிரஷர். ரத்த அழுத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை மெல்ல மெல்ல அரிக்கும் நோய். வலி கிடையாது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். அதனால் நோயாளிக்கே தெரியாது. போனது திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, அதுவும் ஆயுசுக்கும். ஸ்வீடனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், அழுத்தம் ஒரு புள்ளி குறைந்தாலே நோய் முற்றும் ஆபத்து ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். அம்மாவுக்கு ஏழு புள்ளி ஏறியிருந்தது.

அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தது லாட்டனோபிராஸ்ட், 0.005 சதவீதம், ராத்திரி ஒரு சொட்டு. இதைவிட மலிவான டிமோலால் சொட்டு 1970களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இழுப்பு உண்டு, மார்கழி வந்தால் நெஞ்சு சீறும். டிமோலால் கண்ணில்தான் விடப்படுகிறது என்றாலும் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், இழுப்புக்காரர்களுக்கு ஆகாது. அதனால் லாட்டனோபிராஸ்ட்தான் வழி. பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் குப்பி, இரண்டரை மில்லி, மாதம் 560 ரூபாய். அம்மாவின் ஓய்வூதியம் அப்போது 2,000 ரூபாய். கண் மருந்தை மட்டும் அவள் தன் காசில்தான் வாங்குவாள், என்னை வாங்க விடமாட்டாள்.

பிப்ரவரியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெனரிக் மருந்துக்கடை கண்ணில் பட்டது. சீட்டைக் காட்டினேன். கடைத் தம்பி ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். "மருந்து அதேதான்க்கா. கம்பெனி விளம்பரம் கிடையாது, அதான் விலை கம்மி." 190 ரூபாய். வருடத்துக்கு 4,440 ரூபாய் மிச்சம் என்று வண்டியில் வரும்போதே கணக்குப் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அம்மாவுக்கு அந்தக் குப்பியை முதல் நாளே பிடிக்கவில்லை. "தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். இரண்டாவது வாரம் கண் சிவந்தது. மூன்றாவது வாரம் முடியும் முன்பே குப்பி காலி. இது எனக்கு மே மாதம்தான் தெரிய வந்தது. முடிந்துபோனதைச் சொல்லாமல், அடுத்த ஓய்வூதியம் வரட்டும் என்று சில நாட்கள் மருந்தே போடாமல் இருந்திருக்கிறாள். கண் சிவக்கிறது, மருந்து சீக்கிரம் தீர்கிறது, இப்போது அழுத்தமும் ஏறிவிட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் அந்த முடிவுதான் வரும். எனக்கும் வந்தது. மலிவு மருந்து வாங்கி அம்மா கண்ணைக் கெடுத்துவிட்டேன் என்று அந்த அறையிலேயே அழுகை முட்டியது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "போடுற மருந்தெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று அம்மாவிடம்தான் கேட்டார்.

அம்மா மஞ்சள் பையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று லாட்டனோபிராஸ்ட். மற்றது கண் வறட்சிக்குப் பகலில் மூன்று வேளை விடும் சொட்டு. இரண்டும் என் சுண்டுவிரல் உயரம். இரண்டிலும் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. இரண்டுக்கும் வெள்ளை மூடி.

"ராத்திரி போடுறது எதும்மா?"

அம்மா ஒன்றை எடுத்தாள். வைத்துவிட்டு மற்றதை எடுத்தாள். மூக்கு தொடும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் முதலில் எடுத்ததையே தயங்கித் தயங்கி நீட்டினாள். அது வறட்சிச் சொட்டு.

பழைய குப்பிக்கு நீலமும் பச்சையும் கலந்த மூடி. அம்மா அதை 'மயில்கழுத்து மருந்து' என்றுதான் சொல்வாள். பட்டுப்புடவைக் கடையில் கேட்பது போல, "மயில்கழுத்த எடுத்துட்டு வா பாப்பா" என்பாள். ஆறு வருடமாக அவள் மருந்தின் பெயரைப் படித்ததே இல்லை. அந்தப் பொடி எழுத்தைப் படிக்க அவளால் முடியாது. மூடியின் நிறம்தான் அவளுக்குச் சீட்டு, லேபிள், எல்லாம். நான் அந்த நிறத்தை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளை மூடியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நான்கு மாதமாக எது கையில் வந்ததோ அதைப் போட்டிருக்கிறாள். சில ராத்திரி வெறும் வறட்சிச் சொட்டு. சில பகல்களில் லாட்டனோபிராஸ்ட் இரண்டு, மூன்று வேளை. குப்பி ஏன் சீக்கிரம் தீர்ந்தது, கண் ஏன் சிவந்தது என்பதெல்லாம் அந்த நிமிடம் புரிந்துபோயிற்று.

"கூடுதலாப் போட்டதும் பிரஷரை ஏத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு அது புதுசு. லாட்டனோபிராஸ்ட்டை நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போட்டால் பலன் குறையக்கூடும் என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. பிறகு படித்துப் பார்த்தபோது இந்த மருந்து பிறந்த கதையும் கிடைத்தது. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கண்ணில் பட்டால் அழுத்தம் ஏறும் என்றுதான் முதலில் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த லாஸ்லோ பிட்டோ என்ற ஹங்கேரிக்காரர், அளவைக் குறைத்துக் கொடுத்தால் அதே பொருள் அழுத்தத்தை இறக்குகிறது என்று விலங்குகளில் கண்டார். அதைத் தொடர்ந்து ஸ்வீடன் கம்பெனி ஒன்றில் உருவாகி, 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான் லாட்டனோபிராஸ்ட். குறைவாகக் கொடுத்தால் வேலை செய்யும் என்பதைக் கண்டுபிடித்ததில்தான் இந்த மருந்தே வந்திருக்கிறது.

"அப்ப இந்த மருந்து நல்லதுதானா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது இன்னும் நமக்குத் தெரியாதும்மா. ஒழுங்கா கண்ணுக்குள்ள போனாத்தானே சொல்ல முடியும்?"

இந்தப் பதில் என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. மருந்து சரியில்லை என்றும் அவர் சொல்லவில்லை, சரியானது என்றும் சொல்லவில்லை. இதே ஜெனரிக்கை இன்னும் ஐந்து வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு வரச் சொன்னார். அப்போதும் அழுத்தம் இறங்காவிட்டால் பழையதற்கே போய்விடலாம் என்றார். அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. "காசு நான் குடுக்குறேன், பழசையே வாங்கிக் குடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த ஐந்து வாரமும் நான் தேடித் தேடிப் படித்தேன். பயத்தில்தான் படித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, நாங்கள் 'பிராண்ட்' என்று நம்பி ஆறு வருடம் வாங்கியதும் அசல் இல்லை என்பது. 1970ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் நம் நாட்டில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் தந்தது. 2005 வரை அப்படித்தான். அதனால் அமெரிக்காவில் லாட்டனோபிராஸ்ட்டின் காப்புரிமை 2011 மார்ச்சில் முடிவதற்கு வெகு காலம் முன்பே இங்கே பல கம்பெனிகள் தங்கள் பெயரில் அதைச் செய்து விற்றுக்கொண்டிருந்தன. ஆக நாங்கள் மாறியது பெயர் வைத்த ஒரு நகலிலிருந்து பெயர் வைக்காத இன்னொரு நகலுக்கு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கென்ன, ஆறு வருஷம் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். அதுவும் நியாயம்தான். அவளுக்குத் தேவை அனுபவத்தில் நம்பிக்கை தந்த குப்பி, அசலா நகலா என்பது இரண்டாம் பட்சம்.

சரி, நகல்கள் எல்லாம் ஒன்றா? மாத்திரை என்றால் சிலருக்குக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து அசலோடு ஒப்பிட்டுவிடலாம். கண்ணுக்குள்ளிருந்து நீரை எடுத்து எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் சொட்டு மருந்தில், உள்ளே இருக்கும் பொருள்களும் அளவும் ஒன்றே என்று காட்டுவதுதான் பெரும்பாலும் அளவுகோல். ஆனால் கண்ணில் விழும் சொட்டின் அளவு, குப்பியின் பிளாஸ்டிக் எவ்வளவு கெட்டி, நுனி எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. கண் தாங்கும் அளவு ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியை ஆயிரம் பங்காக்கினால் அதில் 30 பங்கு. அதற்கு மேல் விழுவது கன்னத்துக்குத்தான். ஒரு மில்லிக்கு 30 சொட்டு என்றால் இரண்டரை மில்லியில் 75 சொட்டு, இரண்டு கண்ணுக்கு ஒரு மாதத்துக்கு 60 போதும், கைதவறிப் போவதற்கும் 15 மிச்சம். சொட்டு 50 மைக்ரோலிட்டர் பெரிதாக விழுந்தால் குப்பியில் 50தான் இருக்கும், 25 நாளில் தீரும். மருந்து அதேதான், ஆனாலும் மாதக் கடைசியில் ஐந்து நாள் மருந்தில்லாமல் போய்விடும்.

மனதை உறுத்திய ஆய்வு ஒன்றும் கிடைத்தது. 2007இல் நம் நாட்டுக் கண் மருத்துவ இதழில் வந்தது, சென்னையில் நடந்தது. 30 பேரை வைத்து, அசல் லாட்டனோபிராஸ்ட்டையும் இங்கே செய்த ஒரு நகலையும் 12 வாரம் ஒன்று, பிறகு மாற்றி மற்றது என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் 12 வாரத்தில் அசல் அழுத்தத்தை 38 சதவீதம் அளவுக்கு இறக்கியது, நகல் 25 சதவீதம். சின்ன ஆய்வு, யாருக்கு எது கொடுக்கிறோம் என்று தெரிந்தே நடத்தியது, ஒரே ஒரு நகலைப் பற்றியது. அதை வைத்து எல்லா ஜெனரிக்கையும் தள்ளுவது நியாயமில்லை. ஆனால் மாற்றினால் அழுத்தத்தை அளந்து பார்க்காமல் இருக்கவே கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும் எனக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 2011இல் ஜெனரிக் வந்த பிறகு பார்த்தபோது, அதற்கு மாறியவர்கள் பிராண்டிலேயே நின்றவர்களைவிட விடாமல் மருந்து போட்டிருக்கிறார்கள். காசு இடிக்காவிட்டால் மருந்து தவறாது. இது எனக்கு எங்கள் வீட்டிலேயே தெரிந்த விஷயம். பழைய 560 ரூபாய்க் குப்பி இருந்த காலத்திலும் மாதக் கடைசியில் "ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டேன்" என்று அம்மா சொன்ன நாட்கள் உண்டு. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் பதறுகிறது.

ஐந்து வாரத்தில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டாக்டர் அம்மாவைப் போட்டுக் காட்டச் சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, மூடி மட்டும் பிரச்சினை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்து, இரண்டு கையாலும் குப்பியைப் பிடித்து அழுத்தினாள். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது இமை மேல். மூன்றாவதுதான் உள்ளே போனது, அதையும் இறுகச் சிமிட்டி வெளியே தள்ளிவிட்டாள். பெருவிரல் மூட்டில் வாதம், புதுக் குப்பி பழையதைவிடக் கெட்டி. முழுப் பலத்தையும் கொடுத்து அழுத்தினால் குப்பி நகரத்தானே செய்யும்.

படுத்துக்கொண்டு போடச் சொன்னார்கள். கீழ் இமையை ஆள்காட்டி விரலால் இழுத்து ஒரு பள்ளம் போல ஆக்கி, அதில் ஒரே சொட்டு. குப்பியின் நுனி இமையில் படக் கூடாது. விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும், அப்போதுதான் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். "தொண்டைல கசக்குதுன்னு நான் சொன்னா யாரு கேட்டீங்க?" என்றாள் அம்மா. ஆறு வருடமாகச் சொல்லியிருக்கிறாள். உண்மைதான், நாங்கள் கேட்கவில்லை.

மூடிக்கு என்ன செய்வது? அமெரிக்காவில் கண் மருந்து மூடிகளுக்கு ஒரு நிற ஒழுங்கு இருக்கிறது. டிமோலாலுக்கு மஞ்சள், லாட்டனோபிராஸ்ட் வகைக்கு அம்மாவின் மயில்கழுத்து, இன்னொரு வகைக்கு ஆரஞ்சு. நம் கடைகளில் நிறத்தை நம்பி எடுக்க முடியாது. குறைந்த விலைக் கடைகள் இப்போது பெருகிவிட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008இல் தொடங்கியது, 2025 பிப்ரவரியில் நம் மாநில அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இந்தக் கடைகள் வேண்டும், இன்னும் வேண்டும். ஆனால் ஜெனரிக் என்றால் இந்த மாதம் ஒரு கம்பெனிக் குப்பி, அடுத்த மாதம் வேறொன்று வரலாம். படிக்க முடியாத ஒரு கிழவிக்கு ஒவ்வொரு மாதமும் புதுக் குப்பி என்பது ஒவ்வொரு மாதமும் புது மருந்து மாதிரிதான். மூடி நிறத்துக்கு நம் நாட்டில் ஒரு கட்டாய விதி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. பார்வை மங்கியவர்களுக்கென்றே இருக்கிற மருந்து இது.

சாயம் பூசலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். பால் பாக்கெட்டில் வரும் ரப்பர் பேண்டை ராத்திரிக் குப்பியின் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரிந்துவிடும். பிடி வழுக்காது, அழுத்தவும் வாகாக இருந்தது. நான் என் பங்குக்குக் குப்பியைத் திறந்த தேதியை மார்க்கரில் எழுதினேன். திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும், திறந்தபின் வெளியே இருக்கலாம், நான்கு வாரத்துக்குப் பிறகு தூக்கிப் போட்டுவிட வேண்டும். குளிரே தேவையில்லாத தயாரிப்புகளும் கடையில் இருக்கின்றன, அதனால் பெட்டியில் இருக்கும் வெப்ப அளவைப் படிக்காமல் வாங்குவதில்லை. மே மாத வெயிலில் கடைக்காரர் குப்பியை எங்கிருந்து எடுக்கிறார், குளிர்பெட்டியிலிருந்தா, அலமாரியிலிருந்தா என்று நான் இப்போது எட்டிப் பார்க்கிறேன். குளிரில் இருக்க வேண்டியது அலமாரியில் இருந்தால் வாங்குவதில்லை.

இத்தனைக்கும் நடுவில் அம்மாவின் மனதில் 'மலிவு' என்ற முள் இருந்துகொண்டேதான் இருந்தது. ஒரு நாள் பழைய ஃபைலைத் துழாவியபோது அவளுடைய கண்புரை அறுவை டிஸ்சார்ஜ் தாள் கிடைத்தது. உள்ளே வைத்த லென்ஸின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருந்தது. மதுரை ஆரோலேப் செய்த லென்ஸ். 1992இல் அந்த நிறுவனம் தொடங்கியபோது, வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் அளவுக்கு விற்றுக்கொண்டிருந்தது. சாதாரண ஜனங்களுக்கு அது எட்டாது, அறுவை முடிந்து சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வீட்டுக்குப் போவார்கள். நம்மவர்கள் செய்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விலையைக் கொண்டுவந்தார்கள். "நீ இப்ப பாக்குறதே மதுரையில செஞ்ச கொறஞ்ச வெல கண்ணாடி வழியாத்தாம்மா" என்று காட்டினேன். ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பழைய மருந்தைக் கேட்கவும் இல்லை.

ஐந்தாவது வாரம் மறுபடியும் அதே நாற்காலி, அதே மஞ்சள் சாயம், அதே நீல வெளிச்சம். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வலது 15, இடது 15."

சிவப்பும் போயிருந்தது. ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பார்வைப் புல சோதனையும் செய்தார்கள். அந்த நான்கு மாதத்தில் புதிதாக எதுவும் போகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இதே ஜெனரிக்கைத் தொடரச் சொன்னார். "கம்பெனி மாறினா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நாலஞ்சு வாரத்துல வந்து பிரஷர் மட்டும் பாத்துட்டுப் போங்க, அதுக்கு நேரமாகாது" என்றார். பிப்ரவரியில் நான் செய்திருக்க வேண்டியது அந்த ஒரு போன்தான்.

போன வாரம் அப்படியே நடந்தது. கடைத் தம்பி வேறொரு கம்பெனியின் பெட்டியை எடுத்து வைத்து, "ஸ்டாக் மாறிடுச்சுக்கா" என்றார். பெயரையும் 0.005 சதவீதத்தையும் படித்துச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, கடை வாசலிலிருந்தே டாக்டரின் உதவியாளரிடம் சொல்லித் தேதியும் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை மூடி பச்சை. அம்மா மூடியைப் பார்க்கவேயில்லை. பழைய குப்பியிலிருந்து ரப்பர் பேண்டை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி, புதுக் குப்பியின் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"ம், இதுதான் ராத்திரிக்கு" என்றாள்.